மனச்சோர்வுக்கு ஏற்ற சிகிச்சையை முன்கூட்டி அறிய முடியுமா?



புனே நகரத்தின் சிவாஜி நகர்ப் பகுதியில் கோபுரத்தோடு கூடிய பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. ஊரார் அதனை இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றே அழைக்கின்றனர். இந்திய வானிலைத் துறையின் தலைமை அலுவலகம் 1928ஆம் ஆண்டில் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. அதனால் வந்த பெயர் இது. தலைமை அலுவலகம் பின்னர் தில்லிக்குச் சென்றுவிட்ட போதிலும், பருவமழையை முன்னறிந்து கூறும் பணி புனேயில் தொடர்ந்து நடைபெற்று வருகிறது. பிழைப்பின் பொருட்டு இந்நகருக்கு வந்து வாழும் நம் தமிழன்பர்களில் பலர் அக்கட்டடத்தை நாள்தோறும் கடந்து சென்றிருப்பார்கள்.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் மழையன்று. மனச்சோர்வு என்னும் நோய். எனினும் இவ்விரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இவ்வாண்டு மழை எப்படி என்று உழவர் கேட்கிறார். இந்த மருந்து எனக்குப் பலிக்குமா என்று நோயாளி கேட்கிறார். இரண்டும் வருவதை முன்னறிய விரும்பும் கேள்விகள். முதற் கேள்விக்கு விடை தேடியவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இரண்டாம் கேள்விக்கும் பயன்படுகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். துன்பம் நேர்ந்தபோது வருந்துவது மனித இயல்பு, அது நோயாகாது. ஆனால், நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்திருத்தல் அல்லது முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்து, அதனுடன் உறக்கக் குறைவு, பசியின்மை, களைப்பு, கவனச் சிதைவு, தன்னையே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் முதலியவற்றில் பலவும் சேர்ந்துகொண்டால், அதனை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கின்றனர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ இருபதில் ஒருவர் தம் வாழ்நாளில் எப்போதேனும் இந்நோய்க்கு ஆளாகிறார் என்று காட்டிற்று. அவ்வாறு நோயுற்றோருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தக்க சிகிச்சை பெறவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

இனி, ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கிர்க்கியில் ஒரு தொழிற்சாலைப் பணியாளர். ராஸ்தா பேட்டையில் ஓர் இல்லத்தரசி. இருவருக்கும் வயது நாற்பது. இருவருக்கும் விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது, உணவில் விருப்பமில்லை, எதிலும் பிடிப்பில்லை. மருத்துவர் இருவருக்கும் ஒரே மாத்திரையை ஒரே அளவில் தருகிறார். ஆறு வாரம் கழித்து அவர் பழையபடி வேலைக்குச் செல்கிறார். அம்மையாருக்கோ எள்ளளவும் குணமில்லை. மருத்துவர் வேறு மாத்திரை தருகிறார். மேலும் ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறார். நோயின் வேதனையில் இருப்பவருக்கு ஆறு வாரம் என்பது ஒரு யுகம். "வேண்டாம் இந்த வைத்தியம்" என்று இடையில் நிறுத்திவிடுவோர் பலர். ஆதலின், எந்தச் சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிய முடியுமாயின், அதனால் விளையும் நன்மை பெரிது.

இம்மருந்துகள் பிறந்த கதையும் இங்கே அறியத் தக்கது. அமெரிக்காவில் ஸ்டேட்டன் தீவில் ஸீ வியூ என்னும் காசநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே 1952ஆம் ஆண்டில் இப்ரோனியாஸிட் என்னும் புதிய காசநோய் மருந்தைச் சோதித்தபோது, படுத்த படுக்கையாயிருந்த நோயாளிகள் உற்சாகம் மிகுந்து எழுந்து நடமாடியதை மருத்துவர்கள் கண்டனர். அதே பத்தாண்டில் சுவிட்ஸர்லாந்தைச் சேர்ந்த ரோலண்ட் கூன் என்னும் மருத்துவர் இமிப்ரமின் என்னும் பொருளை ஆராய்ந்தார். வேறொரு மனநோய்க்காகக் கருதப்பட்ட அம்மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை அவர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்விரண்டும் தற்செயலாகக் கிடைத்த செல்வங்கள். மருந்து பலிக்கிறது என்பது முதலில் தெரிந்தது. ஏன் பலிக்கிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. காரணம் தெளிவாகாத இடத்தில், யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று பிரித்துக் கூறுவது அரிது.

இதனை எண்ணிக்கையால் விளக்கிய பெரிய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடைபெற்றது. 'ஸ்டார் டி' எனப்படும் அந்த ஆராய்ச்சியில் நான்காயிரத்திற்கு மேற்பட்ட நோயாளிகள் கலந்துகொண்டனர். முடிவுகள் 2006ஆம் ஆண்டில் வெளிவந்தன. அனைவருக்கும் முதலில் ஸிட்டலோப்ராம் என்னும் ஒரே மருந்து தரப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் முற்றும் தணிந்தது. குணமாகாதவர்களுள் மருந்தை மாற்றிக்கொள்ள இசைந்தோர்க்கு, உடலில் வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மூன்று மருந்துகளில் ஒன்று தரப்பட்டது. மூன்றில் எது சிறந்தது என்று பார்த்தால், மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொன்றும் நால்வரில் ஒருவரைக் குணப்படுத்திற்று.

இங்கேதான் கேள்வி எழுகிறது. சராசரிக் கணக்கில் மூன்று மருந்தும் சமம். ஆனால், முதல் மருந்தால் குணமடைந்தவர் மூன்றாம் மருந்தாலும் குணமடைந்திருப்பாரா? அல்லது ஒவ்வொரு மருந்துக்கும் உரிய நோயாளிகள் வெவ்வேறு வகையினரா? நாடு முழுவதும் வழக்கமான மழை பெய்யும் என்ற அறிவிப்பைக் கேட்ட உழவர், தம் வயலில் பெய்யுமா என்பதை அதிலிருந்து அறிய இயலாது. சராசரி என்பது எல்லாரையும் கூட்டிச் சொல்வது; தனி ஒருவரைப் பற்றிச் சொல்ல அதற்கு வலிமை போதாது.

அந்தத் தனி ஒருவரைக் கண்டறிய அறிஞர்கள் பல வழிகளில் முயன்று வருகின்றனர். அவற்றுள் நான்கினைக் காண்போம்.

முதல் வழி, கேள்விகளைத் தொகுத்துக் கணிப்பது. நோயாளியின் வயது, கல்வி, வேலை, உறக்கம், நோயின் கடுமை போன்ற செய்திகளைக் கணிப்பொறியிடம் தந்து, குணமடைந்தோர்க்கும் அடையாதோர்க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் செய்கின்றனர். மேற்சொன்ன ஸ்டார் டி ஆராய்ச்சியின் விவரங்களைக் கொண்டு 25 கேள்விகள் கொண்ட ஒரு முறையை ஆராய்ச்சியாளர் சிலர் 2016ஆம் ஆண்டில் உருவாக்கினர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் நூற்றில் ஐம்பது முறை சரியாக வரும் அல்லவா? இம்முறை நூற்றில் ஏறத்தாழ அறுபத்தைந்து முறை சரியாகக் கூறிற்று. வேறோர் ஆராய்ச்சியின் நோயாளிகளிடம் அதனைப் பொருத்திப் பார்த்தபோது அறுபதாகக் குறைந்தது. நாணயத்தைவிட மேல், ஆயினும் நம்பி இருந்துவிடும் அளவுக்கு மேலன்று.

இரண்டாம் வழி, மூளையைப் படம் பிடித்துப் பார்ப்பது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மூளையில் இன்ஸுலா என்னும் பகுதி குறைவாக இயங்குபவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும், மிகுதியாக இயங்குபவர்களுக்கு மருந்தும் நன்கு பயன்படுவதாகக் கண்டது. நம்பிக்கையூட்டும் செய்திதான். ஆனால் ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலர். படம் எடுக்கும் செலவோ மிகப் பெரிது. மருத்துவமனைகளின் அன்றாட வழக்கத்தில் அது இடம் பெறவில்லை.

மூன்றாம் வழி, மரபணுச் சோதனை. நாம் உண்ணும் மருந்தைக் கல்லீரல் எவ்வளவு விரைவில் சிதைக்கும் என்பது பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும். மெதுவாகச் சிதைப்பவர் உடலில் மருந்து தேங்கித் தொல்லை தரும். விரைவாகச் சிதைப்பவருக்கு அதே அளவு போதாமற் போகும். இதனை அறிவது பயனுடையதே. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆராய்ச்சி ஒன்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோதனை முடிவை முன்கூட்டி அறிந்த மருத்துவர்கள் ஒவ்வாத மருந்துகளைப் பெரிதும் தவிர்த்தனர். நோயாளிகள் குணமடைந்த கணக்கிலோ சிறு ஏற்றமே தென்பட்டது. 24ஆம் வாரத்தில் அதுவும் தெளிவாகத் தெரியவில்லை. எந்த மருந்து தொல்லை தரக்கூடும் என்பதை இச்சோதனை ஓரளவு காட்டும். எந்த மருந்து குணமாக்கும் என்பதைக் காட்டுவதில்லை.

நான்காம் வழி நம் நாட்டிலேயே தொடங்கியது. புனேக்குத் தெற்கே கோவாவில், பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகள் 495 பேரிடம் ஒரு சோதனை நடைபெற்றது. அதன் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருத்துவப் பட்டம் பெறாத, ஆயினும் தக்க பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், நோயாளியுடன் சில வாரங்கள் அமர்ந்து பேசினர். அவர் கைவிட்ட வேலைகளையும் உறவுகளையும் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்க உதவினர். மூன்று மாத முடிவில் இந்த ஆலோசனையையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு நோய் தணிந்தது; வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 பேருக்கே தணிந்தது. மாத்திரை ஒன்றே வழி என்னும் எண்ணத்தை இது மாற்றிற்று. அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது: யாருக்கு மாத்திரை, யாருக்கு ஆலோசனை? இதற்கு விடை காண்பதற்கென்றே போபால் பகுதியில் ஒரு பெரிய ஆராய்ச்சி வகுக்கப்பட்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் என்னும் மருந்தையும், மறு சாராருக்கு அதே ஆலோசனையையும் தந்து, தொடக்கத்தில் காணும் எந்தக் குறிகள் எந்தச் சிகிச்சைக்குப் பொருந்துகின்றன என்று கணிப்பதே அதன் நோக்கம். அயல்நாட்டுக் கணக்கை இரவல் வாங்காமல், நம் மக்களின் விவரங்களைக் கொண்டே நம் மக்களுக்கு வழி காண முயல்வது இதன் சிறப்பு.

இந்தக் கணிப்புகளை நம்புவதற்கு முன், சிம்லா ஆபீஸின் பழைய அனுபவம் ஒன்றை நினைவுகூர்தல் நன்று. 1904 முதல் 1924 வரை வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. தொலைநாடுகளின் காற்றழுத்தம், பனி முதலிய பல குறிகளை நம் பருவமழையோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு முன்னறிவிக்கும் முறையைத் தொடங்கியவர் அவர். அவ்வழியில் வந்தவர்கள் 1988ஆம் ஆண்டில் பதினாறு குறிகள் கொண்ட ஒரு முறையை ஏற்படுத்தினர். ஆண்டுதோறும் அது ஏறத்தாழப் பொருந்தி வந்தது. 2002ஆம் ஆண்டிலும் வழக்கமான மழை என்றே அது கூறிற்று. ஆனால் மழை 19 சதவீதம் குறைந்து நாடு வறட்சியால் வாடியது. மறு ஆண்டே அம்முறை மாற்றியமைக்கப்பட்டது. கடந்த காலத்தோடு கச்சிதமாகப் பொருந்தும் கணக்கு, வருங்காலத்திற்கும் பொருந்தும் என்று உறுதியில்லை.

மருத்துவத்திலும் இதுவே நேர்ந்தது. ஸ்கிஸோஃப்ரினியா என்னும் வேறொரு மனநோய்க்கான மருந்துச் சோதனைகளை வைத்து ஆராய்ச்சியாளர் சிலர் 2024ஆம் ஆண்டில் ஒரு பரீட்சை செய்தனர். ஒரு சோதனையின் நோயாளிகளைக் கொண்டு உருவான கணிப்பு முறை, அதே சோதனைக்குள் நன்கு வேலை செய்தது. வேறு சோதனையின் நோயாளிகளிடம் கொண்டுபோனபோது, நாணயத்தைச் சுண்டுவதைவிட மேலாக அது எதையும் கூறவில்லை. ஆதலின், ஒரே சோதனையால் உங்களுக்குரிய மருந்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுவோம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால், பணத்தை எடுக்குமுன் சற்று நிதானித்தல் வேண்டும்.

அப்படியாயின் மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் மருந்து தருகிறாரா? இல்லை. முதல் நாளிலேயே அவர் கேட்டறியக்கூடிய, உறுதியான சில செய்திகள் உண்டு. முன்பு எப்போதேனும் அளவு மீறிய உற்சாகம், உறக்கமே தேவையில்லாத நிலை, கைக்கு வந்தபடி செலவு செய்தல் ஆகியவை இருந்தனவா? இருந்தால் நோயே வேறு வகை. மனச்சோர்வு மருந்தை மட்டும் தருவது கேடாகலாம். காதில் குரல் கேட்கிறதா, இல்லாத பழியை உண்மையென்று நம்புகிறாரா? அந்த வகைக்கு மருந்துகளைச் சேர்த்துத் தருவதோ மின் சிகிச்சையோ பெரிதும் பயன் தரும். தைராய்டுக் குறைவு, இரத்தசோகை, குடிப்பழக்கம் போன்றவை பின்னணியில் உள்ளனவா? அவற்றைக் கவனிக்காமல் மனத்திற்கு மட்டும் மருந்து தருவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போலாகும். கருவுற்றிருப்பவரா, பாலூட்டும் தாயா என்பதும் கேட்க வேண்டியதே.

இவற்றோடு இன்னொரு கேள்வியை மருத்துவர்கள் வெகுகாலமாகக் கேட்டு வருகின்றனர். "இதற்கு முன் இந்நோய் வந்ததுண்டா? அப்போது எந்த மருந்தால் குணமாயிற்று?" முன்பு பலித்த மருந்து மீண்டும் பலிக்கும் வாய்ப்பு உண்டு, முன்பு தொல்லை தந்ததை மீண்டும் தர வேண்டியதில்லை. கணிப்பொறியோ மூளைப் படமோ இல்லாத சிற்றூர் மருத்துவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. ஆனால் புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் பலர் இதற்குத்தான் விடை சொல்ல இயலாமல் திகைக்கின்றனர். "ஊரில் இருந்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு மாத்திரை தந்தார்கள்" என்பதற்கு மேல் அவர்களால் கூற முடிவதில்லை. சீட்டு தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பெட்டியில் கிடக்கிறது. புனே மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார். முன்பு தோற்ற மருந்தையே அறியாமல் மறுபடியும் தர நேரிடுகிறது. இழந்த ஆறு வாரம் மீண்டும் இழக்கப்படுகிறது.

அன்பர்களே, இக்குறையை நாமே நீக்கிக்கொள்ளலாம். ஒரு சிறு குறிப்பேடு போதும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, கண்ட பலன், கண்ட தொல்லை ஆகிய ஆறு செய்திகளை அதில் எழுதி வரவேண்டும். சீட்டுகளைக் கைப்பேசியிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய மருத்துவமனையிலிருந்து நம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுவதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமை அளித்திருக்கிறது.

சிகிச்சை தொடங்கிய பின் வரும் முதல் இரண்டு வாரம் மிக முக்கியமானது. அதற்குள் சிறு முன்னேற்றமும் தென்படாவிட்டால், அதே மருந்து அதே அளவில் பின்னர் முழுப் பலன் தரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தொடக்கத்திற்கு முன் கூறும் எந்த ஆரூடத்தையும்விட, தொடங்கிய பின் காணும் இக்குறி நம்பத் தக்கது. ஆகவே இரண்டாம் வாரத்தில் மருத்துவரைத் தவறாமல் காண வேண்டும். குமட்டல், தலைவலி முதலிய தொல்லைகள் முதலில் வரும். நன்மை பின்னரே வரும். இதனை அறியாமல் நான்காம் நாளே மருந்தை எறிந்துவிடலாகாது. சிறிது குணமானதும், ஊருக்குப் போகும் அவசரத்தில் திடீரென்று நிறுத்துவதும் தவறு. பொங்கலுக்கோ திருவிழாவிற்கோ ஊர் செல்வோர், திரும்பி வரும் நாள்வரைக்கும் போதுமான மாத்திரையைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும். இளைஞர்கள் மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டார் அவர்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

முன்னேற்றம் உண்டா என்பதை அளக்கும் கருவி நோயாளியின் சொல்லே. இதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை. நெஞ்சில் பாரம் என்றும், உடம்பெல்லாம் அசதி என்றும், மனசு ஒட்டவில்லை என்றும் தாய்மொழியில் எளிதாக வருவது, மராத்தியிலோ இந்தியிலோ அரைகுறையாகத்தான் வரும். பள்ளிக்குச் செல்லும் மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் தாய், உள்ளதை உள்ளபடி சொல்லத் தயங்குவார். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்வது மேல். உறக்கம், பசி, வேலையில் நாட்டம் ஆகிய மூன்றுக்கும் வாரந்தோறும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் குறிப்பேட்டில் எழுதிச் சென்றால், மொழி தடையாகாது; எண்ணை எவரும் படிப்பர்.

முதலில் யாரை அணுகுவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அதில் தமிழில் பேசும் வசதியும் உண்டு. சாவைப் பற்றிய எண்ணம் ஒருவரை வருத்துமாயின், அன்றைக்கே அவருக்கு உதவி தேட வேண்டும். அவரைத் தனியே விடலாகாது.

முதலில் கண்ட அம்மையாருக்கு எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டி அறுதியிட்டுக் கூற இன்று எவராலும் இயலாது. ஆனால் இரண்டாம் வாரத்தில் அவரைப் பார்த்து, அவர் குறிப்பேட்டைப் படித்து, பலிக்காததை உரிய காலத்தில் மாற்றும் மருத்துவரால் அவரைக் குணம் நோக்கி அழைத்துச் செல்ல இயலும். முதல் மருந்து தவறினால் அது அவருடைய குற்றமன்று. நோய் தீராதது என்பதற்கு அடையாளமும் அன்று. மூவரில் இருவருக்கு முதல் மருந்து முழுக் குணம் தரவில்லை என்பதை நாம் மேலே கண்டோம். அடுத்த மருந்தும், அதற்கடுத்ததும், மருந்தில்லாத ஆலோசனை வழியும் இருக்கின்றன. அம்மையார் அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பேட்டை மறவாமல் எடுத்துச் செல்வாராக.